1929: வீழ்ச்சியை முன்னறிந்தவர்களும் அதிலிருந்து தப்பியவர்களும்

பங்குச் சந்தை உச்சத்தில் நிற்கும் காலங்களிலெல்லாம் ஒரே கேள்விதான் எழுகின்றது. இது எப்போது விழும்? தொரன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் எமது மக்களில் பலர் தமது முதுமைக்கான சேமிப்பை ஏதோவொரு வடிவில் பங்குகளிலேயே வைத்திருக்கின்றனர். தாம் பங்கு வைத்திருக்கிறோம் என்பதை அறியாமல் ஓய்வூதிய நிதியம் ஒன்றின் மூலம் வைத்திருப்போரும் உண்டு. ஆகையால் இது செல்வந்தர்களின் கவலை மட்டும் அன்று.

ஆனால், எப்போது விழும் என்ற அந்தக் கேள்வி சரியான கேள்விதானா என்பதை ஆராய்வதற்கு 1929ஆம் ஆண்டைப் போல் உதவக்கூடிய ஆண்டு வேறொன்றில்லை. அந்த ஆண்டில் வீழ்ச்சி வரப்போவதை உணர்ந்தவர்கள் இருந்தனர். அந்த வீழ்ச்சியிலிருந்து தப்பியவர்களும் இருந்தனர். இவ்விரு சாராரும் ஒரே கூட்டத்தினர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாற்றுப் பதிவுகள் அவ்வாறு கூறவில்லை.

நியூயோர்க் பங்குச் சந்தையின் நாடித்துடிப்பாகக் கருதப்படும் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 1921 ஆகஸ்ட் மாதத்தில் 64 புள்ளிகளுக்குச் சற்றுக் கீழே இருந்தது. 1929 செப்டெம்பர் 3ஆம் திகதி அது 381.17 புள்ளிகளைத் தொட்டது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு மடங்கு. வானொலிக் கம்பனியான ஆர்.சி.ஏ.யின் பங்கு 1928ஆம் ஆண்டு ஒன்றிலேயே 85 டொலரிலிருந்து 420 டொலருக்கு ஏறியது. அந்தக் கம்பனி அதுவரை தன் சாதாரண பங்குதாரர்களுக்கு ஒரு சதம்கூடப் பங்கிலாபம் கொடுத்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் அமெரிக்கர் அனைவருமே பங்குச் சூதில் மூழ்கிக் கிடந்தனர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பொருளியலாளர் ஜோன் கென்னத் கல்பிரெய்த் இந்தக் கதையை எண்களால் உடைத்தார். சுமார் 120 மில்லியன் மக்கள் வாழ்ந்த நாட்டில் பங்குத் தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மட்டுமே. அவர்களிலும் கடன் பெற்றுப் பங்கு வாங்கியவர்களின் கணக்குகள் சுமார் 6 இலட்சம். ஒரு பெரிய நாட்டின் சிறிய கூட்டம். ஆனால் நாசத்தின் விதை அந்த 6 இலட்சம் கணக்குகளிலேதான் இருந்தது.

மார்ஜின் என்று சொல்லப்பட்ட அந்தக் கடன் முறையை விளங்கிக்கொள்வது அவசியம். ஒருவர் 1,000 டொலர் பெறுமதியான பங்குகளை வாங்க விரும்புகிறார். தம் கையிலிருந்து 250 டொலரை மட்டும் கொடுக்கிறார். மிகுதி 750 டொலரைத் தரகர் கடனாகத் தருகிறார். வாங்கிய பங்குகளே அந்தக் கடனுக்கு ஈடு. பங்கு விலை நூற்றுக்கு 25 வீதம் ஏறினால் வாடிக்கையாளரின் பணம், வட்டி நீங்கலாக, இரு மடங்காகிவிடும். அதே 25 வீதம் இறங்கினால் அவருடைய பணம் முழுவதும் மறைந்துவிடும். அதற்கு முன்பே தரகரிடமிருந்து தந்தி வரும்: மேலும் பணம் கட்டவும், இல்லையேல் பங்குகள் விற்கப்படும். முற்பணமாக நூற்றுக்கு 10, 20 கேட்டவர்களும் இருந்தனர். 1929ஆம் ஆண்டில் நிதானமான தரகர்கள் அதை 40, 50 என்று உயர்த்தியிருந்தனர். தரகர்கள் மூலம் வழங்கப்பட்ட இவ்வகைக் கடன்களின் மொத்தத் தொகை அவ்வாண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் 8.5 பில்லியன் டொலராக இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் இக்கடனுக்கான வட்டி நூற்றுக்கு 20 வரை சென்றது. அந்த வட்டியைக் கொடுத்தும் பங்கு வாங்க ஆட்கள் இருந்தனர் என்பதே அக்காலத்தின் மனநிலையை எடுத்துக்காட்டப் போதுமானது.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற வங்கியாளர் போல் வார்பேர்க் 1929 மார்ச் மாதத்திலேயே எச்சரித்தார். அமெரிக்காவின் சுபீட்சத்தைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று அவர் தூற்றப்பட்டார். செப்டெம்பர் 5ஆம் திகதி ரோஜர் பாப்சன் என்ற புள்ளிவிபர ஆய்வாளர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நடைபெற்ற வர்த்தக மாநாடொன்றில் பெரும் வீழ்ச்சி வந்தே தீரும் என்றார். அன்றே சந்தை சுமார் 3 வீதம் சரிந்தது. ஆனால் பாப்சன் அதையே முந்திய ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் சொல்லியிருந்தார். 1927இல் அவர் சொல்லைக் கேட்டு விற்றவர்கள் இரண்டு ஆண்டுகளாக அயலவர் பணக்காரராவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரே எச்சரிக்கையுடன் மூன்றாவது முறையாக வருபவரின் அறிக்கையை எந்தச் செய்தி ஆசிரியரும் உட்பக்கத்துக்கே தள்ளுவார். அந்த மூன்றாவது முறைதான் அது பலிக்கும் முறை என்பதை அறிய வழியில்லை.

மறுபுறத்தில், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இர்விங் பிஷர், அந்நாளைய அமெரிக்கப் பொருளியலாளர்களில் முதல் வரிசையில் நின்றவர். பங்கு விலைகள் நிரந்தரமான ஓர் உயர்ந்த சமவெளியை எட்டிவிட்டன என்ற கருத்தை அவர் வெளியிட்டது ஒக்டோபர் நடுப்பகுதியில். வீழ்ச்சிக்கு இரண்டு வாரங்கூட இருக்கவில்லை. பலர் இன்று அவரை நகைப்புக்காக மட்டுமே நினைவுகூர்கின்றனர். அது நியாயமன்று. ஊருக்கு ஒன்று சொல்லித் தமக்கு ஒன்று செய்தவரல்லர் அவர். அட்டைக் குறிப்பேட்டு முறை ஒன்றைக் கண்டுபிடித்து ஈட்டிய செல்வம் முழுவதையும் ரெமிங்டன் ராண்ட் முதலிய பங்குகளில் வைத்திருந்தார். போதாததற்குக் கடனும் பெற்று வாங்கினார். எல்லாம் போயிற்று. பின்னர் அவர் வாழ்ந்த வீட்டைப் பல்கலைக்கழகமே வாங்கி அவருக்கு வாடகைக்கு விட வேண்டிய நிலை வந்தது. மிதமிஞ்சிய கடனும் பொருட்களின் விலை வீழ்ச்சியும் ஒன்றையொன்று எவ்வாறு ஆழத்துக்கு இழுக்கும் என்பதை விளக்கி 1933இல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் பொருளியலாளர்கள் இன்றும் படிக்கின்றனர்.

இவர்களுக்கு நடுவில், ஆரவாரமின்றி ஒரு காரியம் செய்தவர் சார்ள்ஸ் மெரில். மெரில் லிஞ்ச் என்ற தரகு நிறுவனத்தின் நிறுவுநர். 1928 மார்ச் 31ஆம் திகதி அவர் தம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பங்குகளை எல்லாம் கண்மூடித்தனமாக விற்றுவிடுங்கள் என்று அதில் அவர் கூறவில்லை. விலைகள் உயர்ந்திருக்கும் இந்த வேளையைப் பயன்படுத்திக் கடன்களை அடைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நிதி நிலைமையை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். கடனில் வியாபாரம் நடந்தால் தரகருக்கு வருமானம் கூடும். அந்தத் தரகரே கடனைக் குறையுங்கள் என்று எழுதியதைக் கவனிக்க வேண்டும். கடிதம் சென்ற பின்னரும் ஒன்றரை ஆண்டு சந்தை ஏறிக்கொண்டே சென்றது. பங்காளி லிஞ்ச்சுக்கே முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் மெரிலின் ஆலோசனையில் நாள் குறிக்கும் சோதிடம் இல்லை. வீழ்ச்சி 1928இல் வந்தாலும் 1930இல் வந்தாலும் கடன் அடைத்தவருக்கு அது ஒன்றே. அவருடைய பங்கின் விலை குறையலாம். பங்கை எவரும் பறித்துக்கொண்டு போக முடியாது.

விற்றுவிட்டு வெளியேறியவர்களில் எமக்கு நன்கு தெரிந்த ஒருவர் சார்ளி சப்ளின். வேலையற்றோர் தொகை பெருகியிருக்கும் நாட்டில் பங்கு விலைகள் ஏறுவது பொருந்தாது என்று கண்டு 1928இலேயே தம் பங்குகளை விற்றுவிட்டதாகத் தன்வரலாற்றில் அவர் கூறுகிறார். வீழ்ச்சிக்கு முதல் நாள் இரவு உணவின்போது பாடலாசிரியர் இர்விங் பெர்லினிடம் விற்றுவிடுமாறு சொன்னாராம். பெர்லின் சினந்து, இது தேசத்துரோகம் என்ற பாணியில் பேசினார் என்றும், சில நாள்களின் பின் வந்து வருந்தினார் என்றும் சப்ளின் எழுதியுள்ளார். சந்தையை நம்புவதும் நாட்டை நம்புவதும் ஒன்றே என்று மக்கள் எண்ணத் தொடங்கும் நிலை எல்லா நாடுகளிலும் வருவதுண்டு.

ஒக்டோபர் 24, வியாழக்கிழமை. அன்று கைமாறிய பங்குகள் 12.9 மில்லியன். விலைகளை அச்சிட்டு வெளியிடும் நாடா இயந்திரம் மணிக்கணக்கில் பின்தங்கியது. தம் பங்கு என்ன விலை என்று தெரியாமலே நாடெங்கும் மக்கள் விற்றனர். நண்பகலில் பெரும் வங்கியாளர்கள் ஜே.பி. மோர்கன் அலுவலகத்தில் கூடினர். அவர்கள் சார்பில் றிச்சர்ட் விட்னி சந்தைத் தளத்துக்கு நடந்து சென்று, அமெரிக்க உருக்குக் கம்பனியின் 10,000 பங்குகளை 205 டொலர் வீதம், நடப்பு விலையிலும் கூடுதலாகக் கேட்டார். சந்தை அன்று நிமிர்ந்தது. திங்களன்று மீண்டும் விழுந்தது. செவ்வாய், ஒக்டோபர் 29ஆம் திகதி 16.4 மில்லியன் பங்குகள் கைமாறின. அவ்விரு நாள்களில் மட்டும் சந்தை தன் பெறுமதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தது. (அன்றைய வீரராகப் போற்றப்பட்ட விட்னி, பிறர் பணத்தைக் கையாடியமைக்காக 1938இல் சிறை சென்றார்.) வீழ்ச்சியுற்றோர் யன்னல்களிலிருந்து குதித்து மாண்டனர் என்ற கதையும் பத்திரிகைகளால் வளர்க்கப்பட்டதே. நியூயோர்க்கின் மரணப் பதிவுகளைப் பார்த்த கல்பிரெய்த், அவ்வாண்டு கோடை மாதங்களிலேயே தற்கொலைகள் கூடுதலாக இருந்தன என்று காட்டியுள்ளார்.

நவம்பர் 13இல் சுட்டெண் 198.69. உச்சத்திலிருந்து 48 வீத வீழ்ச்சி. நூற்றுக்கு 50 முற்பணம் கட்டி உச்சத்தில் வாங்கிய நிதானமான கடன்காரரின் கையிலும் அன்று ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் வாங்கியவை நல்ல கம்பனிகளா, கெட்ட கம்பனிகளா என்பது இங்கு பொருட்டன்று. நல்ல பங்கும் தரகரின் கையால் விற்கப்பட்டுவிட்டது.

பொதுவாக 1929 பற்றிய கட்டுரைகள் இவ்விடத்தில் நின்றுவிடும். உண்மையில் பெரும் அழிவு இதன் பின்னரே நிகழ்ந்தது. 1930 ஏப்ரல் 17இல் சுட்டெண் 294ஐ எட்டியது. ஐந்து மாதங்களில் அரைப்பங்குக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். கண்டம் கழிந்தது என்று பலர் நம்பினர். ஒக்டோபரில் தப்பியவர்கள், கையில் காசு வைத்திருந்த விவேகிகள், இப்போது மலிவு என்று கண்டு உள்ளே வந்தனர். பின்னர் சந்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிப்படியாக இறங்கி 1932 ஜூலை 8ஆம் திகதி 41.22இல் நின்றது. உச்சத்திலிருந்து கணக்கிட்டால் 100 டொலரில் 11 டொலர் மிச்சம். 1929 ஒக்டோபர் முட்டாள்களைத் தண்டித்தது என்றால் 1930 கெட்டிக்காரர்களைத் தண்டித்தது.

அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவர் பெஞ்சமின் கிரஹாம். பங்கு முதலீட்டை ஒரு கல்வியாக வளர்த்தவர். வொரன் பஃபெட்டின் ஆசிரியர். 1907ஆம் ஆண்டுப் பீதியில் கிரஹாமின் தாயார் கடன் கணக்கில் வாங்கியிருந்த பங்குகள் பறிபோனதைச் சிறுவனாகக் கண்டவர். 1929இல் சந்தை அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதுபற்றி மூத்த முதலீட்டாளர் பேர்னார்ட் பரூக்குடன் உரையாடியும் இருந்தார். ஆனால் அவர் நிர்வகித்த 2.5 மில்லியன் டொலர் நிதியில் கடனும் கலந்திருந்தது. 1929இல் 20 வீதம் இழந்தார். 1930இல் 50 வீதம். 1932 முடிவில் மொத்த இழப்பு சுமார் 70 வீதம். அதை ஈடுசெய்ய 1935 முடிவு வரை சென்றது. அறிவு குறைவாக இருந்ததால் நேர்ந்த இழப்பு இது என்று எவராலும் கூற முடியாது.

ஜெஸி லிவர்மோரின் கதை இதற்கு நேர் மாறாகத் தொடங்குகிறது. கையில் இல்லாத பங்குகளை இரவல் வாங்கி விற்று, விலை விழுந்த பின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையில் அவர் 1929 வீழ்ச்சியில் ஈட்டியது சுமார் 100 மில்லியன் டொலர் என்பர். 1934இல் அவர் வங்குரோத்து அடைந்தார். 1940இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வீழ்ச்சியை மிகச் சரியாகக் கணித்த மனிதர் அவர்.

சரி, பங்குகளை விற்று வங்கியில் போட்டவர்களாவது நிம்மதியாக இருந்தனரா? 1930 டிசெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கில் பாங்க் ஒஃப் யுனைட்டட் ஸ்டேற்ஸ் என்ற வங்கி மூடப்பட்டது. பெயர் அரசாங்க வங்கி போன்று ஒலித்தாலும் அது தனியார் வங்கி. வைப்பாளர்கள் 4 இலட்சத்துக்கு மேல். பலர் குடியேறிகளும் சிறு தொழிலாளர்களும். வாழ்நாளில் ஒரு பங்கைத்தானும் தொட்டறியாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 1930க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் முறிந்த வங்கிகள் சுமார் 9,000. வைப்புகளுக்கான அரச காப்புறுதி 1934 ஜனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப எல்லை ஒருவருக்கு 2,500 டொலர். இன்று பல நாடுகளில் இத்தகைய காப்புறுதி உண்டு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எவ்வளவு, தம் பணம் அதற்குள் அடங்குகிறதா என்பதைப் பார்த்து வைத்திருப்போர் எமக்குள் குறைவு.

இன்னொரு கணக்கையும் நோக்குவோம். ஜெனரல் மோட்டர்ஸ் நிதிப் பொறுப்பில் இருந்த ஜோன் ராஸ்கொப் 1929 ஆகஸ்டில் ஒரு மகளிர் சஞ்சிகையில், மாதம் 15 டொலர் வீதம் நல்ல பங்குகளில் போட்டு வந்தால் 20 ஆண்டுகளில் 80,000 டொலர் சேரும் என்றார். உச்சத்துக்குச் சில நாள்களுக்கு முன் வெளிவந்த இந்த ஆலோசனை பெரும் கேலிக்குரியதாயிற்று. ஆனால் பேராசிரியர் ஜெரமி சீகல் பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவ்வாறு இடையறாது போட்டவருக்கு 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 டொலர் சேர்ந்திருக்கும் என்று தெரிந்தது. போட்ட தொகை 3,600 டொலர். ராஸ்கொப் சொன்னதற்கு அருகிலும் இல்லை. ஆனால் நாசமும் இல்லை. விலைகள் தரைமட்டமாகக் கிடந்த 1932இல் வாங்கிய பங்குகளே அந்தக் கணக்கைக் காப்பாற்றின.

காகிதத்தில் இது அழகான கணக்கு. 1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டில் மாதம் 15 டொலரை எங்கிருந்து எடுப்பது? சந்தை விழும் காலமும் வேலை போகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வேலை போனவர் வாங்க வேண்டிய நேரத்தில் விற்கிறார், வயிற்றுக்காக விற்கிறார். வேலை செய்யும் கம்பனியின் பங்கிலேயே சேமிப்பையும் போட்டு வைத்தவருக்கு இரண்டும் ஒரே நாளில் போய்விடும். பாப்சனின் எதிர்வுகூறலைவிட, ஒரு வருடச் செலவுக்குக் காப்பான இடத்தில் பணம் இருந்ததா என்பதே அக்குடும்பங்களின் கதியைத் தீர்மானித்தது.

நியூயோர்க்கில் எரிந்த நெருப்பு எமது கரைகளையும் சுட்டது. இதில் ஒரு விசித்திரமான முன்கதையும் உண்டு. மலாயாவிலும் இலங்கையிலும் இறப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கி வந்த ஸ்டீவன்சன் திட்டம் கைவிடப்படும் என்று 1928இல் பிரித்தானிய அரசு அறிவித்தது. இறப்பர் விலை சரிந்தது. விலை ஏறும் என்று எதிர்பார்த்துக் கடனில் இறப்பர் ஒப்பந்தங்களை வாங்கி வைத்திருந்தவர் ஜோன் மேனாட் கெயின்ஸ். ஆம், அந்தக் கெயின்ஸ்தான். நட்டத்தை அடைக்க, விழும் சந்தையில் தம் பங்குகளை விற்க நேர்ந்தது. அவருடைய செல்வம் சுமார் 44,000 பவுணிலிருந்து 1929 முடிவில் 8,000 பவுணுக்கும் கீழே இறங்கிற்று.

கெயின்ஸ் மீண்டெழுந்தார். தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. அமெரிக்காவில் மோட்டார் வாகன விற்பனை வீழ்ந்ததும் இறப்பருக்குக் கேள்வி இல்லாமற் போயிற்று. இலங்கையின் தோட்டங்களில் கூலி வெட்டப்பட்டது. 1930 தொடக்கம் 1932 வரையான ஆண்டுகளில் மலாயாவிலிருந்து பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வோல் ஸ்ட்ரீட் என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கொழும்பிலும் 1896 முதலே தரகர் சங்கத்தின் மூலம் தோட்டக் கம்பனிகளின் பங்குகள் கைமாறி வந்துள்ளன. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தை 1985இல் அமைந்தது. 2020இல் கொவிட் நோய்ப் பரவலின்போது அது மார்ச் 20ஆம் திகதி மூடப்பட்டு மே 11ஆம் திகதியே திறக்கப்பட்டது. வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்திய 2022 ஏப்ரலிலும் ஒரு வாரம் மூடியிருந்தது. 1914இல் உலகப்போர் மூண்டபோது நியூயோர்க் சந்தையே நான்கு மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்ததுண்டு. பங்கு என்பது எந்நேரமும் காசாக்கக்கூடிய சொத்து என்று சொல்வார்கள். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும் வாரத்தில் கதவு மூடியிருக்குமானால் சுட்டெண் எவ்வளவு உயர்ந்திருந்தும் பயன் இல்லை.

கிரஹாம் தம் அனுபவத்தின் பின் வந்தடைந்த முடிவு வியப்புக்குரிய அளவு எளிமையானது. 1949இல் வெளிவந்த முதலீடு பற்றிய நூலில், சந்தை எப்போது விழும் என்று கணிக்கும் வேலையையே அவர் சாதாரண முதலீட்டாளரிடமிருந்து எடுத்துவிட்டார். பங்குகளில் பாதி, நம்பகமான கடன்முறிகளில் பாதி. பங்குகளின் விலை ஏறி அவற்றின் பகுதி பெருத்தால் சிறிது விற்றுப் பாதிக்குக் கொண்டுவருவது. விலை இறங்கி அது சிறுத்தால் வாங்கிப் பாதிக்குக் கொண்டுவருவது. நிலைமைக்கேற்பப் பங்குகளின் பகுதி 25 வீதத்துக்கும் 75 வீதத்துக்கும் இடையில் மாறலாம்; எந்த நிலையிலும் முழுவதும் உள்ளேயும் இல்லை, முழுவதும் வெளியேயும் இல்லை. அந்த நூல் வெளிவந்த ஆண்டில், உச்சம் கண்டு 20 வருடங்கள் கடந்த பின்னரும், டவ் ஜோன்ஸ் சுட்டெண் 1929இல் எட்டிய உயரத்தின் ஏறத்தாழ பாதியிலேயே நின்றது. அந்த உயரத்தை அது மீண்டும் கடந்தது 1954 நவம்பரில்.